உலையில் இடுமுன் எடுத்த பிடி



நம் சேகரத்தில் காணிக்கை எண்ணும் மேசையில் நான் உட்காரத் தொடங்கி இந்த வருஷத்தோடு 19 வருஷம் ஆகிறது. ஆசீர்வாதம் கூறி முடிந்து, சபையாராகிய நீங்கள் வேப்பமரத்தடியில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நானும் இன்னொருவரும் வெஸ்ட்ரிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சிவப்பு வெல்வெட் பைகளை மேசைமேல் கவிழ்ப்போம். எந்த நோட்டு யார் போட்டது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அது எப்படிப் போடப்பட்டது என்பது தெரிந்துவிடும். பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து கசங்கி வரும் பத்து ரூபாய், சட்டைப் பையிலிருந்து கடைசி நேரத்தில் அள்ளிய கையைச் சொல்லும். ஓரத்தில் மஞ்சள் கறை படிந்து நாலாக மடித்த ஐம்பது ரூபாய், அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தது. பிள்ளையின் உள்ளங்கை வேர்வையில் நனைந்த இரண்டு ரூபாய் நாணயம் விரலில் ஒட்டும். சில கவர்களில் பெயர் இருக்காது. உள்ளே நோட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி அடுக்கியிருக்கும். அதை எடுத்து வைத்தவர் முந்தின நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து, யோசித்து, எடுத்து வைத்திருக்கிறார்.

அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம். காணிக்கையைப் பற்றி ஓர் அறிவிப்பு எழுதித் தாருங்கள் என்று குருவானவர் கேட்டார். எழுத உட்கார்ந்ததும், அறிவிப்பில் அடங்காத அளவுக்கு இத்தனை வருஷமாய் மனதில் கிடந்தவை மேலே வந்துவிட்டன. அதனால் இது மடலாகிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காணிக்கையை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கோயிலுக்குள் வந்து, பை பக்கத்தில் வரும்போது முடிவு செய்யாதீர்கள்.

நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாமாலையின் மூன்றாம் சரணம் போய்க்கொண்டிருக்கும். பை இரண்டு வரிசைக்கு முன்னால் வந்திருக்கும். அப்போதுதான் கை பர்ஸைத் தேடும். முதலில் ஐநூறு தட்டுப்படும்; அதை விரல் பின்னுக்குத் தள்ளும். "சில்லறை இருக்கா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்போம். அவர்கள் கைப்பையைத் திறப்பதற்குள் பை வந்துவிடும். கிடைத்ததைப் போட்டுவிட்டு மறுபடி பாட்டில் சேர்ந்துகொள்வோம். அந்த ஐந்து விநாடிக்குள் எந்த மனுஷனாலும் தாராளமாக முடிவெடுக்க முடியாது. தாராளம் என்பதற்கு யோசிக்க நேரம் வேண்டும். கஞ்சத்தனத்தால் குறைவது கொஞ்சம்தான். நாம் கோயிலில் குறைவாய்ப் போடுவது பெரும்பாலும் யோசிக்காததால் என்பது என் அனுபவம்.

பவுல் அப்போஸ்தலர் இதை அறிந்திருந்தார். எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக அவர் சபை சபையாய்ப் பணம் சேர்த்தபோது, கொரிந்து சபைக்கு அவர் எழுதியனுப்பிய ஏற்பாடு மிகவும் எளிது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கதைத் தன்னிடத்திலே சேர்த்து வைக்க வேண்டும். தான் வந்து நின்ற பிறகு வசூல் நடக்கக் கூடாது. தான் எதிரே நின்றால் ஜனங்கள் கூச்சத்துக்காகக் கொடுப்பார்கள், அந்தக் கொடை வேண்டாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் நிருபத்திலும் அதைத்தான் சொல்கிறார்: மனதில் நியமித்தபடி கொடு, விசனத்தோடும் வேண்டாம், கட்டாயத்தாலும் வேண்டாம். அதே இடத்தில் மக்கெதோனியா சபைகளை எடுத்துக் காட்டுகிறார். கொடிய தரித்திரத்தில் இருந்த அவர்கள், எங்களையும் இந்தத் தர்மத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவரைக் கெஞ்சினார்களாம். வாங்குவதற்குக் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கொடுப்பதற்கு இடம் கேட்டுக் கெஞ்சியவர்கள் அவர்கள்.

அப்படி ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். என் ஆச்சி.

அடுப்பங்கரைச் சுவர் மாடத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலை கொதிக்கும் சத்தம் கேட்டதும் ஆச்சி பானையிலிருந்து அரிசியை உழக்கில் அளந்து சுளகில் கொட்டுவாள். களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. வாய் எதையோ முணுமுணுக்கும், ஜெபம்தான். பனையேற்று இல்லாத மாதங்களில் வீட்டில் கஞ்சிதான். அப்போது அளக்கும் அரிசியே அரை உழக்கு. அந்த நாட்களிலும் கை கலயத்துக்குப் போகும். பிடி மட்டும் சிறுத்திருக்கும், விரல்நுனியில் எடுத்தது போல. ஒருநாள் பசி தாங்காமல் நான் அந்தக் கலயத்து அரிசியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டபோது, ஆச்சி அடிக்கவில்லை. "ஏல, அது நம்ம அரிசி இல்லலா, கோயில் அரிசி" என்று சொல்லி, பானையிலிருந்து எடுத்து எனக்குத் தந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கலயத்தை ஓலைக் கொட்டானில் கவிழ்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். அந்த அரிசியில் ஒரு பங்கு அதே தெருவில் ஆதரவில்லாமல் கிடந்த ஒரு கிழவிக்குப் போகும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆச்சி ஒருநாளும் மிஞ்சிய சோற்றைக் கோயிலுக்குக் கொண்டுபோனதில்லை. பொங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டாள். மீதி இருக்கிற அரிசிக்குத் தக்கபடி வீட்டார் சாப்பிட்டோம்.

இது ஒரு ஆச்சியின் பழக்கம் மட்டுமென்று எண்ணிவிடாதீர்கள். இங்கிருந்து எவ்வளவோ தூரத்திலுள்ள மிசோரம் மலைநாட்டுச் சபைகளில் 1910 வாக்கில் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றைக்கும் நடக்கிறது. ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் வீட்டுப் பெண்கள் எடுத்து வைக்கும் அரிசியால் அந்தச் சபைகள் தங்கள் ஊழியங்களைத் தாங்குகின்றன. நம் திருநெல்வேலிச் சீமைக்கோ இதில் தனிப் பெருமை உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் மிஷனெரி ஊழியத்தைத் தாங்களே பொறுப்பேற்று நடத்துவதைக் கண்டார். நாம் ஏன் இன்னும் வாங்குகிறவர்களாகவே இருக்கிறோம் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. மறு வருஷம் பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. வெள்ளைக்காரர் பணத்தை நம்பாமல், நம் ஆட்களை நம் காணிக்கையில் அனுப்புவது என்பது அதன் உறுதி. தெலுங்கு நாட்டில், நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு அந்தச் சங்கத்தின் ஊழியர்கள் போனார்கள். அசரியாவும் பின்னால் போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் அபிஷேகம் நடந்தபோது, ஆங்கிலிக்கன் சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். தோர்ணக்கல்லில் அவருடைய சபையாரில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலி ஜனங்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். இவர்களிடம் என்ன கேட்பது என்று அவர் விட்டுவிடவில்லை. ஏழையைக் கொடுக்க விடாமல் வைப்பதும் அவனை அவமதிப்பதுதான் என்பது அவர் வழி. அந்த வீடுகளிலும் பிடி அரிசி எடுத்து வைக்கப்பட்டது. கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றி அவர் ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

கொடுக்கிறவர் நிமிர்ந்து நிற்பார் என்பதை நான் இந்தச் சரித்திரத்தில் படிப்பதற்கு முன்பே ஆச்சியின் முதுகில் பார்த்துவிட்டேன்.

இப்போது சுவிசேஷத்தில் வரும் அந்த ஏழை விதவையைப் பற்றி. அவளைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத வருஷம் நமக்கு இல்லை. எருசலேம் தேவாலயத்தில் எக்காள வடிவில் பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதரின் பழைய நூல் சொல்கிறது. அதில் ஒன்றில் அவள் இரண்டு காசு போட்டாள். அவை சேர்ந்தால் ஒரு துட்டு என்று மாற்கு கணக்குச் சொல்கிறார். அன்றைக்குக் கூலியாளின் ஒருநாள் சம்பளமான ‘ஒரு பணம்’ என்ற நாணயத்துக்கு 64 துட்டு. இன்று நம் ஊரில் ஒருநாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்டது பத்து ரூபாய். நாம் ஞாயிறுதோறும் போடுகிறோமே, அதே பத்து ரூபாய். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று, எண்ணி அடுக்கிய பத்து ரூபாய்க் கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டில் ஒரு நோட்டாவது அவளுடையதைப் போல, வீட்டில் வேறெதுவும் இல்லாத கையிலிருந்து வந்திருக்கும். அதன் மேலும் கீழும் இருப்பவை, என்னுடையது உட்பட, டீக்கடையில் மிஞ்சிய சில்லறை. எண்ணிக்கைப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான். ஆண்டவர் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தது அந்தப் புத்தகத்தை அல்லவே.

பிரசங்கங்களில் நாம் வழக்கமாகத் தாண்டிப் போகிற ஒரு காரியமும் அங்கே இருக்கிறது. விதவையைப் பற்றிச் சொல்வதற்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைப் பற்றி ஆண்டவர் எச்சரிக்கிறார். கேட்கிறவர்களாகிய எங்களுக்குரிய எச்சரிக்கை அது. அதனால் ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, நாங்கள் அப்போது குடியிருந்த ஊரில், என் அத்தை மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாமா இறந்து நாலு வருஷம். சங்கக் காணிக்கை பாக்கி நின்றது. பாக்கியைக் கட்டினால்தான் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டபோது நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகளின் பெயரைக் கேட்டு அவள் முகத்தில் வந்திருக்க வேண்டிய சந்தோஷம் வரவில்லை. முந்தானையை இழுத்து வெறுங்காதை மூடிக்கொண்டாள். கர்த்தருக்கென்று வாங்கிய அந்தப் பணம் கர்த்தருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

ஆகையால், குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் தவிக்கிற சகோதரிகளே, தாலிக்கொடியை வங்கியில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு கோயிலுக்கு வருகிறவர்களே, கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். பை உங்களைத் தாண்டிப் போகட்டும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். உங்கள் கஷ்டத்தையும் சொல்லுங்கள். அந்தப் பையில் சேருவதில் உங்களுக்கு உரிய பங்கு உண்டு. ஆயிரம் கொடுத்தால் லட்சமாய்த் திரும்பும் என்று எவராவது சொன்னால், அது சீட்டுக் கம்பெனிப் பேச்சு. மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாபம் வரும் என்று பயமுறுத்தினாலும் நடுங்காதீர்கள். பயந்து கொடுப்பவன் வரி கட்டுகிறான்.

இதைச் சொல்லிவிட்டதால், இயலுகிறவர்களிடம் இப்போது கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் மாடி எழுப்பியிருக்கிறவர்களே, கடை வைத்திருக்கிறவர்களே. கவர்களில் வரும் தொகைகளை நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதம் நூறு என்று ஆரம்பித்த கவர் இன்றும் நூறோடு வருகிறது. இடையில் சம்பளம் பலமடங்கு ஏறியது, கல்யாணமாயிற்று, கார் வந்தது, பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்து அதற்கு ஸ்தோத்திர ஆராதனையும் வைத்தாயிற்று. கவர் மட்டும் அந்தப் பழைய நாளிலேயே நின்றுவிட்டது. இதில் கெட்ட மனது இல்லை, மறதிதான். ஒருதடவை நிர்ணயித்ததை மறுபடி திறந்து பார்க்கவில்லை. இந்த வாரம் ஒருநாள் ராத்திரி, சாப்பாடு முடிந்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். தசமபாகம் என்று நான் அளந்து சொல்ல வரவில்லை. கரண்ட் பில்லுக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு எவ்வளவு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் காணிக்கையையும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

பணம் எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கோயில்பிள்ளையின் சம்பளம், திருமண்டலத்துக்குக் கட்டும் பங்கு, கரண்ட், மராமத்து, மிஷனெரி சங்கத்துக்கு, விதவையர் உதவிக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு. கோயில்பிள்ளை விடியுமுன் மணி அடிக்கிறார், சாவு வீட்டுக்கு நடுராத்திரி ஓடி வருகிறார். அவருக்கு நாம் ஒரு மாதத்துக்குக் கொடுப்பது ஒரு கொத்தனார் பத்து நாளில் வாங்குவது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பையில் விழுந்ததைத்தான் நான் பங்கிட முடியும்.

ஆதிச் சபையார் இதில் நமக்கு முன்னோடிகள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின், ஞாயிறு ஆராதனையில் மனமுள்ளவர்கள் கொடுத்தது திக்கற்றோருக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் போயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: தாய் தகப்பனற்ற பிள்ளைகள், வயதாகி வேலை செய்ய இயலாத அடிமைகள், கப்பல் உடைந்து தப்பியவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், அடக்கம் செய்ய வழியில்லாத ஏழைகள். நம் மண்ணிலும் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், விசுவாசிகளானதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்தது. இந்தச் சீமையின் சில ஊர்கள் அப்படி எழுந்தவை.

காணிக்கைக்குக் கணக்கு வைப்பதும் புதிதல்ல. எருசலேமுக்குப் பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தனியாகப் புறப்படவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைச் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று காரணமும் எழுதினார். அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டதென்றால் எனக்கு எத்தனை மடங்கு தேவை! இந்த மாதத்திலிருந்து வரவுசெலவுத் தாள் கோயில் வாசல் பலகையில் ஒட்டப்படும். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படாது.

கூகுள் பே பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள், சென்னையிலும் துபாயிலும் இருக்கிற நம் பிள்ளைகள் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு, அப்பா போனில் அனுப்பியது தெரியாது. பை வரும்போது அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். அதன் கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து வையுங்கள். வீட்டிலிருந்து புறப்படும்போதே கொடுங்கள். வழியெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

பண்டிகை ஏலத்துக்கும் ஒரு வார்த்தை. போன வருஷம் ஒரு வாழைத்தார் மூன்று குடும்பங்களின் போட்டியில் எங்கோ போய் நின்றது, பந்தலே கைதட்டியது. அந்தச் சந்தோஷம் வேண்டும், குறை சொல்லவில்லை. அதற்கு அப்புறம் ஓர் அம்மா கொண்டுவந்த ஆறு நாட்டுக்கோழி முட்டை ஏலத்துக்கு வந்தபோது சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது. எல்லோரும் அசனப் பந்தலுக்கு எழுந்துவிட்டார்கள். "ஒருதரம், ரெண்டுதரம்" என்று சொன்னவருக்கும் அவசரம். தவிட்டில் பொதிந்து, ஒன்றுகூட விரியாமல், இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்த முட்டைகள். முப்பது ரூபாய்க்குப் போயின. அந்த அம்மா தூணோரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் சிறிய பொருள்களைத்தான் முதலில் ஏலம் விடுவது என்று கமிட்டியில் தீர்மானித்திருக்கிறோம்.

யாத்திராகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றுண்டு. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டுகிறார்கள். ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். வேலைக்காரர் மோசேயிடம் போய், தேவைக்கு மேல் வந்துவிட்டது என்கிறார்கள். இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிக்கச் சொல்கிறார் மோசே. என் 19 வருஷத்தில் அப்படி ஓர் அறிவிப்பை எழுத எனக்கு வாய்க்கவில்லை. எழுத ஆசையாக இருக்கிறது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக் கதவைத் திறந்தே வைக்கிறோம். மேசைக்கு இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேர், பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் வந்து எங்களோடு உட்கார்ந்து எண்ணுங்கள். நாணயங்களைப் பிரித்து அடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் அன்புள்ள,
சேகரப் பொருளாளர்